மழை விட்டும் விடாத தூவானம்: சிவகிரிச் சாலையும் ஒரு மட்கார்டு விதியின் வரலாறும்

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. சண்டை ஓய்ந்த பின்னும் முணுமுணுப்பு ஓயாத வீட்டைப் பற்றியோ, கடன் தீர்ந்த பின்னும் வட்டிப் பேச்சு தீராத உறவைப் பற்றியோ பேசும்போது அந்தப் பழமொழி வந்து விழும். அதன் நேர்ப்பொருளை நாம் அறிந்துகொண்டது ஓர் ஐப்பசி மாலையில், சிவகிரியிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில்.

நூலகக் கூட்டம் ஒன்றுக்காக நண்பர்கள் நால்வர் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் புறப்பட்டிருந்தோம். மழை நின்று அரைமணி நேரம் ஆகியிருந்தது. மேற்கே மலை கழுவி வைத்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தது. சேத்தூருக்கு இப்பால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் பின் சக்கரங்களிலிருந்து எழுந்த செம்மண் கலந்த நீர்ப்புகை ஆளுயரத்துக்கு நின்றது. முன்வண்டியை ஓட்டிய நண்பர் அதைக் கடந்துவிட எண்ணி வலப்பக்கம் ஒதுங்கினார். தலைக்கவசத்தின் கண்ணாடி ஒரு நொடியில் மூடிப்போயிற்று. கையால் துடைத்தார், சேறு இழுபட்டு இன்னும் மங்கலாயிற்று. எதிரே வந்த பேருந்தின் விளக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. சடாரென்று இடப்பக்கம் திரும்பியவர் லாரிக்குப் பின்னால் சாலையோர மண்ணில் சறுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். பின்னால் அமர்ந்திருந்தவருக்குச் சிராய்ப்புகள். லாரிக்காரருக்கு நடந்தது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

கட்டுப் போடும்போது மருத்துவர் கேட்டார்: “மழையில வழுக்கிட்டீங்களா?” நண்பர் ஆமாம் என்றார். நாமும் மறுக்கவில்லை. நடந்ததைச் சொல்வதற்கு அப்போது நம்மிடம் சொல் இருக்கவில்லை. மழையும் வழுக்கலும் எல்லோருக்கும் தெரிந்தவை. சக்கரம் எறியும் நீருக்கு நம் பேச்சில் தனிப்பெயர் இல்லை. இக்கட்டுரையில் பழமொழியிடமிருந்தே கடன்வாங்கி அதைத் தூவானம் என்று அழைக்கிறோம். அதைத் தடுக்க ஏதேனும் விதி உண்டா என்று தேடிப் போனதில் கிடைத்த சிறு வரலாறே இது.

*

முதலில் சாலை. மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி, திருமங்கலம், திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்தில் இறங்குகிறது அது. நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 208 என்று பெயர். 2010-இல் நாடெங்கும் எண்கள் மாற்றப்பட்டபோது 744 ஆயிற்று. பாளையமாகவும் பிறகு ஜமீனாகவும் இருந்த சிவகிரி, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்து ஊராக இருந்தது.

சிவகிரிக்கு ரயில் வரவில்லை. 1927-இல் திறக்கப்பட்ட விருதுநகர்–தென்காசிப் பாதை ராஜபாளையத்தைத் தாண்டியதும் கிழக்கே விலகிச் சங்கரன்கோவில் பக்கம் போய்விட்டது. மலையடிவாரத்து நெல்லும் எலுமிச்சையும் கரும்பும் சாலையை நம்பியே வாழ வேண்டியதாயிற்று. மலைக்கு அப்பால் கொல்லத்துக்குச் செல்லும் செங்கோட்டை ரயில்பாதை 1904 முதல் ஓடியது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் மூடப்பட்டு, 2018-இல்தான் மீண்டும் முழுவதுமாகத் திறந்தது. அந்த எட்டாண்டுகளில் கணவாயைக் கடக்கச் சாலை ஒன்றே வழி. இன்றும் கேரளத்துக்குப் போகும் காய்கறி, வைக்கோல், சிமெண்ட், ஜல்லி, எம்.சாண்ட் எல்லாம் இந்த ஊர்களின் கடைத்தெருக்களை உரசிக்கொண்டுதான் போகின்றன. அதே சாலையில்தான் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளும், பால்காரரின் டி.வி.எஸ். வண்டியும், மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு தேர்வுக்கு விரையும் தகப்பனின் மோட்டார் சைக்கிளும் போகின்றன.

இந்தச் சாலையின் நனைவும் ஒரே வகையானதன்று. ஐப்பசி, கார்த்திகையில் சிவகிரிப் பக்கம் பெய்யும் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்துச் சாலையைக் கழுவிவிடும். ஆனி, ஆடியில் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் கணவாய்க் காற்றோடு வரும் சாரலோ சாலையைக் கழுவுவதில்லை. நாளெல்லாம் நனைத்து வைக்கிறது. தூசியும் டீசல் பிசுக்கும் கலந்த மெல்லிய ஈரப்படலம் தாரின்மேல் கிடக்கிறது. குற்றாலத்துச் சாரலைப் புகழாத எழுத்தாளர் நம்மிடையே குறைவு. அந்தச் சாரல் தரையிறங்கியபின் லாரிச் சக்கரத்தில் சிக்கி மறுபடி எழும் வடிவத்தை இலக்கியம் கண்டுகொண்டதில்லை.

*

பழைய சாலையில் தூவானம் கிடையாது. மாட்டுவண்டிச் சக்கரம் சேற்றைக் கிளறும், ஆரக்காலில் அப்பிக்கொள்ளும். நீரைத் தூளாக்கி வீசும் வேகம் அதற்கில்லை. மோட்டார் வண்டிகள் வந்தபோதும் அவற்றின்மீது எழுந்த முதல் பெரும்புகார் புழுதிதான். சரளைச் சாலையில் ஒரு கார் போனால் இருபுறத்து வீடுகளும் வயல்களும் வெளுத்துப்போயின. ஐரோப்பாவிலும் அதே கதை. சுவிட்சர்லாந்து மருத்துவர் குக்லியெல்மினெட்டி 1902-இல் மொனாக்கோவில் சாலைமீது தார் பூசச் செய்து புழுதியை அடக்கிக் காட்டினார். அதனாலேயே அவருக்குத் ‘தார் டாக்டர்’ என்று பட்டப்பெயர் வந்தது.

இந்தியாவில் மோட்டாருக்கு ஏற்ற சாலைகளைப் பற்றி ஆராய 1927-இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1929-இல் பெட்ரோல் வரியிலிருந்து சாலை நிதி பிறந்தது. 1934-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தோன்றியது. சென்னை மாகாணத்தில் 1946-இல் நெடுஞ்சாலைத் துறை தனியாக அமைந்தது. படிப்படியாகச் சரளைமீது தார் ஏறியது, புழுதி அடங்கியது.

புழுதியைக் கிளப்பியது வண்டி. அதை அடக்கியதோ பொதுப்பணத்தில் போட்ட சாலை. அந்தத் தீர்வே அடுத்த தொல்லைக்கு வழிசெய்தது. மண் நீரைக் குடித்தது; தார் குடிப்பதில்லை. காற்றடைத்த டயரின் பள்ளங்கள் தாரின்மேல் நிற்கும் நீரை அள்ளிக்கொண்டு சுழன்று, ஒரு பகுதியைப் பக்கவாட்டில் அலையாகத் தள்ளுகின்றன. மறுபகுதியைப் பின்னோக்கி எறிகின்றன. பெருந்துளிகள் தெறித்துக் கீழே விழுந்துவிடும். வண்டியின் அடிப்பாகத்திலோ மட்கார்டிலோ மோதி உடையும் நுண்துளிகள்தாம் தொல்லை. அவை லாரியின் பின்னும் பக்கங்களிலும் சுழலும் காற்றில் மிதந்து, பின்வருவோரின் கண்ணுயரத்தில் திரையாக நிற்கும். வேகம் கூடக்கூட இந்தத் திரை மிக விரைவாக அடர்ந்துவிடுகிறது. சமதளமான ரப்பர் தட்டு சிலசமயம் பெருந்துளிகளை உடைத்துப் புகையாக்கி விடுவதும் உண்டு. மட்கார்டு இருந்தால் மட்டும் போதாது, அது எப்படிப்பட்டது என்பதும் முக்கியம் என்பதற்கு இதுவே காரணம்.

*

இனி விதி. இந்தியாவுக்குப் பொதுவான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. விரிவான சட்டம் 1939-இல். அதன்கீழ் மாகாணங்கள் தத்தம் விதிகளை இயற்றின. சென்னை மாகாண விதிகள் 1940-ஆம் ஆண்டுக்குரியவை. மாநில விதித்தொகுப்புகளில் வழிவழியாக வரும் ஒரு வாக்கியத்தின் சாரம் இது: வண்டியின் உடலே போதிய காப்புத் தராதபோது, சக்கரச் சுழற்சியால் எழும் சேற்றையும் நீரையும் இயன்ற அளவில் பிடித்துக்கொள்ளும் மட்கார்டோ அதுபோன்ற பொருத்தமோ வாகனத்தில் இருக்க வேண்டும்.

அந்த ‘இயன்ற அளவில்’ என்ற சொற்களில் நாம் சற்று நின்றோம். எத்தனை அகலம், தரையிலிருந்து எத்தனை உயரம், எவ்வளவு நீரைப் பிடிக்க வேண்டும் என்ற அளவுகள் அந்த வாக்கியத்தில் இல்லை. கரடுமுரடான சாலையில் மெதுவாகச் சென்ற வண்டிகளுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். வேகம் பெருகியபின் அதே சொற்கள் கேள்வி கேட்க வருபவருக்குத் தடையாயின. சக்கரத்தின் மேல் வளைந்த தகடு ஒன்று இருந்தாலே இயன்றதைச் செய்தாயிற்று என்று சொல்லிவிடலாம்.

லாரி உருவாகும் முறையும் இதற்குத் துணைசெய்தது. சென்னையில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1954-இல் டாடா–மெர்சிடிஸ் லாரிகள் வந்தன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது பெரும்பாலும் சேஸிஸ்தான். அதைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்று பாடி கட்டுவது வழக்கம். நாமக்கல்லும் திருச்செங்கோடும் அந்தக் கைத்தொழிலில் நாடறிந்த பெயர் பெற்றன. தேக்கும் இரும்பும் பூவேலையும் கொண்ட அந்தக் கூடுகளில் எத்தனையோ கலைநுட்பம் உண்டு. பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் பட்டை மட்டும் கடைசி நாள் வேலை. பழைய பெல்ட் துண்டோ டயர்த் துண்டோ எது கைக்கு வருகிறதோ அது. பின்னோக்கி எடுக்கும்போது சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தால் மறுபடி கட்டவேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. அது இல்லாததால் அந்த வண்டிக்கோ ஓட்டுநருக்கோ சரக்குக்கோ ஒரு குறையும் வருவதில்லை. நட்டம் முழுவதும் பின்னால் வருபவருக்கு.

*

லாரி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும், எஃப்.சி. காட்டுவது என்பார்கள். 2018-இல் விதி மாறியபின், எட்டாண்டு ஆகாத வண்டிகளுக்கு அது ஈராண்டுக்கொரு முறை ஆயிற்று. அங்கே வண்டியைப் பார்ப்பவரின் பதவிப்பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஆனால் ஊரில் கேட்டால் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்வார்கள். அவர் எதைச் சோதிக்கிறார் என்று மக்கள் கண்டார்களோ அதையே பெயராக வைத்துவிட்டார்கள். மட்கார்டு இன்ஸ்பெக்டர் என்று யாரும் யாரையும் அழைத்ததில்லை.

அதற்குச் சான்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1988-இன் புதிய சட்டத்தை ஒட்டி வந்த 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், 62-ஆம் விதி தகுதிச் சான்றுக்கானது. சோதிக்க வேண்டியவை அங்கே ஒரு பட்டியலாகத் தரப்பட்டன. வெளிவந்த வடிவில் அந்தப் பட்டியல் ஸ்பார்க் பிளக்கில் தொடங்கியது. டீசல் லாரியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. பிறகு முகப்பு விளக்கு, மற்ற விளக்குகள், பிரதிபலிப்பான், பின்பார்வைக் கண்ணாடி, பாதுகாப்புக் கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடாமீட்டர், ஸ்டியரிங் என்று நீண்டது. மட்கார்டு அதில் இல்லை.

வைப்பர் உண்டு என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பிறர் எறியும் நீரைத் தன் கண்ணாடியிலிருந்து துடைத்துக்கொள்ளும் கருவி சோதனைக்கு உரியது. தான் பிறர்மீது எறியாமல் காக்கும் கருவி அந்தப் பட்டியலில் ஏறவில்லை. மோட்டார் சைக்கிள்காரருக்கோ வைப்பரே கிடையாது.

தண்டனையின் கதையும் இதுவே. தனித் தண்டனை சொல்லப்படாத விதிமீறல்களுக்கு 1988 சட்டத்தின் 177-ஆம் பிரிவு பொருந்தும்: முதல் முறை 100 ரூபாய் வரை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 500 ஆக்கியது. அதே திருத்தம் அதிகபாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் விதித்தது. பாரத்தை எடைமேடை சொல்லிவிடும். தூவானத்தை எதில் நிறுப்பது? சோதனைச் சாவடியில் லாரி நிற்கிறது; நிற்கும் லாரியிலிருந்து தூவானம் எழுவதில்லை.

*

பிற நாடுகள் இதை எவ்வாறு எதிர்கொண்டன? பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டு வாகன அமைப்பு விதிகளில் 63-ஆம் விதி, ‘இயன்ற அளவில்’ என்ற அதே சொற்களோடு, ஏறத்தாழ நம் வாக்கியத்தின் அச்சாகவே இருக்கிறது. நாம் அங்கிருந்து பெற்ற சொற்கள் அவை. ஆனால் அதற்கு அடுத்த 64-ஆம் விதி தூவானத்தைக் குறித்தே எழுதப்பட்டது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்கும், குறிப்பிட்ட நாளுக்குப் பின் செய்யப்பட்டவையாயின், தரநிர்ணயத்துக்கு உட்பட்ட தூவானத் தடுப்பிகள் கட்டாயமாயின. மோதும் நீரின் விசையை உறிஞ்சிக் கீழே வழியவிடும், புல்தரை போன்ற பரப்புள்ள பட்டைகள் அவற்றுள் ஒருவகை. 1991-இல் ஐரோப்பியச் சமூகம் 91/226 என்ற நெறியாணையில் இதற்கான பொதுத்தரத்தை வகுத்தது.

அமெரிக்காவின் அனுபவம் வேறு. 1982-இல் அமெரிக்கப் பேரவை சட்டமியற்றி, லாரிகளின் தூவானத்துக்குத் தரம் வகுக்கும்படி பணித்தது. சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஆய்வுகளை நடத்திப் பார்த்து, எல்லா நிலைகளிலும் பார்வையை உறுதியாகத் தெளிவாக்கும் கருவி கைவசம் இல்லையென்று கூறி 1988-இல் அந்த முயற்சியைக் கைவிட்டது. பக்கக்காற்று, லாரியின் வடிவம், சாலையில் நிற்கும் நீரின் ஆழம் எல்லாம் முடிவை மாற்றின. இதை மறைத்துவிட்டு ஐரோப்பாவை மட்டும் காட்டினால் நாம் நேர்மையாக எழுதியவர் ஆகமாட்டோம். தூவானத்தை முழுவதும் ஒழிக்கும் பட்டை எங்கும் இல்லை. குறைக்கும் பட்டைகள் உண்டு. ஐரோப்பா குறைந்தவரை லாபம் என்றது. அமெரிக்கா உறுதியாகாததைக் கட்டாயமாக்க மாட்டேன் என்றது. இரண்டு நாடுகளும் கேள்வியை எழுப்பி, அளந்து பார்த்து, ஒரு முடிவுக்கு வந்தன. நம்மிடம் கேள்வியே இன்னும் எழவில்லை.

*

எழுவதற்கு வாய்ப்பான தருணம் ஒன்று வந்தது, அதுவும் தமிழகத்திலிருந்து. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலைகளில் நொறுங்கி வரும் உடல்களைத் தைத்துத் தைத்துச் சலித்தவராக, 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தொடுத்தார். அதன்மேல் 2014-இல் நீதியரசர் கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2015-இல் அக்குழு மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தல் கடுமையானது: மிகுவேகம், சிவப்பு விளக்கை மீறல், அதிகபாரம், சரக்கு வண்டியில் ஆளேற்றல், குடித்து ஓட்டல், கைபேசிப் பேச்சு ஆகியவற்றுக்கு ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நிறுத்திவைக்க வேண்டும். இவை உயிர்களைக் காப்பவை. எதையும் குறைசொல்ல இயலாது. எனினும் எல்லாமே ஓட்டுநரின் நடத்தை, அல்லது அந்த இடத்திலேயே கண்டுபிடித்து எழுதிவிடக்கூடிய மீறல். ஒரு லாரி எந்த விதியையும் மீறாமல், சரியான வேகத்தில், சரியான பாரத்தோடு சென்றுகொண்டே பின்வருபவரைக் குருடாக்க முடியும். அதற்குப் பட்டியலில் இடமில்லை.

கணக்கிலும் இடமில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தோரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். மத்திய அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் வானிலைவாரியாக ஓர் அட்டவணை உண்டு: தெளிவான வானம், மழை, மூடுபனி, ஆலங்கட்டி, பிற. தூவானத்தால் விழுந்தவர் அதிலே ‘மழை’யில் சேர்வார். எங்கள் நண்பரைப்போல மழை நின்றபின் விழுந்தவர் ‘தெளிவான வான’த்தில் சேர்ந்தாலும் வியப்பில்லை. மழையின்மீது வழக்குத் தொடுக்க முடியாது; விதி திருத்தவும் முடியாது. காரணத்தை இயற்கையின் பெயரில் எழுதிவிட்ட பிறகு மனிதர் செய்யக்கூடியது என்ன என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

*

லாரி ஓட்டுநர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. சாலையில் நீர் நிற்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை. நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டிய சாலை, மேல்மேலாகத் தார் போட்டுச் சரிவை இழந்து, ஓரத்து மண்மேட்டில் நீர் வடிய வழியின்றிக் கிடக்கிறது. முன்னால் போகும் லாரியின் தூவானத்தில் பின்னால் வரும் லாரி ஓட்டுநரும் தவிக்கிறார். ஒரு நாளில் கொல்லம் போய்த் திரும்ப வேண்டிய மனிதருக்கு ரப்பர் பட்டையை நினைவூட்ட வேண்டியது சட்டத்தின் வேலை.

அந்த வேலை பெரிதுமில்லை. பட்டையின் அகலம் சக்கரத்தின் அகலத்துக்குக் குறையக் கூடாது, தரையிலிருந்து இத்தனைக்கு மேல் உயரக் கூடாது என்று எண்ணால் எழுதிவிட்டால் ‘இயன்ற அளவில்’ என்ற சொற்களின் பின்னே யாரும் ஒளிய முடியாது. நாடாவை வைத்து அளக்க ஒரு நிமிடம் போதும். அதைத் தகுதிச் சான்றுச் சோதனையில் ஒரு வரியாகச் சேர்த்தால் எஃப்.சி.க்கு முந்தின நாளாவது புதிய பட்டை ஏறும். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை இச்சாலையை நான்குவழியாக்கும் பணி அண்மை ஆண்டுகளில் எடுக்கப்பட்டது. அகன்ற சாலையில் வேகம் கூடும். வேகத்தோடு தூவானமும் கூடும். புழுதிக்குத் தீர்வாகத் தாரை ஊற்றியபோது அடுத்து வருவதை யாரும் யோசிக்கவில்லை. இம்முறை யோசிப்பதற்கு நமக்கு முன் ஒரு நூற்றாண்டின் அனுபவம் இருக்கிறது.

நண்பரின் மணிக்கட்டு கூடிவிட்டது. மழைக்காலத்தில் பேனாவை அழுத்திப் பிடித்தால் வலிக்கிறது என்கிறார். சென்ற மாதம் யாரோ கேட்டார்கள், மழையில் விழுந்தீர்களாமே என்று. இல்லை, மழை அப்போது நின்றிருந்தது என்று பதில் சொன்னார்.